கொல்லைமேட்டு மலையில் மூன்று நாள்

மே மாதத்தில் பண்ருட்டிப் பக்கம் போகிற எவனும் பையில் ஸ்வெட்டர் வைத்துக்கொண்டு போகமாட்டான். நான் வைத்துக்கொண்டு போனேன். காரணம் கதிர்வேல்.

ஷார்ஜாவில் ஒரு லாண்டரியில் நான் வேன் ஓட்டுகிறேன். ஓட்டல்களிலிருந்து அழுக்குப் படுக்கை விரிப்புகளை ஏற்றி வருவதும், வெளுத்ததைக் கொண்டுபோய்ப் போடுவதும் என் வேலை. கதிர்வேல் உள்ளே துணி மடிக்கிறவன். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே அறை. ஆறு பேர் படுக்கும் அந்த அறையில் வெள்ளிக்கிழமை தோறும் அவன் தன் ஊரைப் பற்றிச் சொற்பொழிவு நடத்துவான். ஊர் பெயர் கொல்லைமேடு. மலைக்கிராமம். விடியற்காலையில் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்ட முடியாது. அருவி உண்டு. வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை உண்டு. கல்லாகிப் போன மரம்கூட ஒன்று உண்டு.

"மரம் எப்படிய்யா கல்லாவும்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"உனக்கென்னா தெரியும் பாய்? உங்க ஊர்ல மண்ணே கெடையாது. சேறும் உப்பும்தான்."

இதில் உண்மை இருந்ததால் நான் மேலே பேசவில்லை. என் ஊர் பரங்கிப்பேட்டை. அங்கே உயரமான இடம் பள்ளிவாசல் மினாரா. அதற்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டு மொட்டைமாடி. மழைக்காலத்தில் கடலும் வெள்ளாறும் ஒன்றை ஒன்று விருந்துக்கு அழைத்துக்கொள்ளும். நடுவில் நாங்கள் கட்டில்மேல் உட்கார்ந்திருப்போம். மலை என்றால் எங்களுக்கு ஒரு மரியாதை.

இந்த வருஷம் லீவில் கிளம்பும்போது கதிர்வேல் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். மனைவி செல்விக்குச் சேலை, சோப்பு, தைலம், ஒரு கம்பளி. கொடுத்துவிட்டு என்னை ஓரமாக இழுத்தான்.

"யோவ் பாய், ஊட்ல நான் ஓட்டல் மேனேஜர்னு சொல்லி வெச்சிருக்கேன். வாயத் தெறந்துடாத."

"பதினோரு வருஷமாவா?"

"மொதல்ல சூப்பர்வைசர்னுதான் சொன்னேன். போகப் போக பிரமோஷன் குடுக்காம இருக்க முடியுமா?"

நியாயம்தான். நானும் யோக்கியன் இல்லை. என் மகள் நிக்காஹ் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே 'டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ், ஷார்ஜா' என்று அச்சடித்தவன் நான். வேன் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அந்த மட்டில் அது பொய்யில்லை. கதிர்வேலுக்கு வாக்குக் கொடுத்தேன்.

வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுக் கொல்லைமேட்டுக்குக் கிளம்பினேன். முதல் நாள் காலை சிதம்பரத்தில் இறங்கி இட்லியும் கொத்சுவும் சாப்பிட்டேன். ஷார்ஜாவில் எங்கள் தெரு ஓட்டலில் கத்தரிக்காய் சாம்பாரைக் கொத்சு என்று சொல்லி விற்கிறார்கள். அந்த ஆளைக் கூட்டி வந்து இந்தக் கடை முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வைக்கவேண்டும். அப்புறம் கடலூர் பஸ். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் கோழிக்கூண்டோடு உட்கார்ந்தார். கோழி ஆலப்பாக்கம் வரை சும்மா இருந்தது. அதற்குப் பிறகு என் பையைக் கொத்த ஆரம்பித்து, ஸ்வெட்டரில் ஒரு நூலை உருவி எடுத்துக்கொண்டது. அது ஒன்றுதான் அந்தப் பயணத்தில் ஸ்வெட்டரால் யாருக்காவது கிடைத்த பிரயோஜனம்.

பண்ருட்டியில் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பலாப்பழ வாசனை. ஒரு கண்டக்டரிடம், "மலைக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டேன்.

"ஏலகிரிக்கா? அது வேற ஜில்லாங்க."

"இல்ல, கொல்லைமேடு."

அவர் என்னையும் என் பையில் எட்டிப்பார்த்த கம்பளியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு மினி பஸ்ஸைக் காட்டினார்.

மினி பஸ் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே சிவப்பு மண் பாதையில் போனது. ஒரு இடத்தில் உறுமி, இருமி, நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம். மலையேற்றம் என்றால் வண்டி திணறத்தானே செய்யும்? பக்கத்தில் இருந்த அம்மாவிடம் பெருமையாக, "ஏத்தம் ஜாஸ்தி போல" என்றேன்.

"டீசல் தீந்துபோச்சு" என்றார் அவர், சேலையைச் செருகிக்கொண்டு. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளிக்கொண்டே போனதில் ஊரே வந்துவிட்டது.

"மலை எங்கே ஆரம்பிக்குதும்மா?" என்று அதே அம்மாவைக் கேட்டேன்.

"இதாங்க மலை. ஏறி முடிச்சாச்சு."

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த பாதை ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் கார் ஏறும் சறுக்கு அளவுக்குச் சரிந்திருந்தது. இந்த மலையிலும் ஒரு பக்கத்தை ரோடு போடுவதற்காக லாரிகள் வந்து வெட்டி அள்ளிக்கொண்டு போயிருந்தன. மிச்சம் இருப்பதையாவது சீக்கிரம் பார்த்துவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.

செல்வி வீடு ஊரின் கடைசியில். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, கம்பளியை எடுத்து விரித்துப் பார்த்து, "இத வெச்சு நான் என்னா பண்ண?" என்றாள். பிறகு சிரித்தாள். "கோழி அடிக்கலங்க பாய். நீங்க ஓதி அறுத்ததுதான் சாப்புடுவீங்கன்னு ஊட்டுக்காரரு சொல்லியிருக்காரு. பச்ச முந்திரி கொழம்பு வெச்சிருக்கேன்."

பச்சை முந்திரிப் பருப்பை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. நாங்கள் முந்திரியைப் பாயசத்தில் இரண்டு, பிரியாணியில் நாலு என்று எண்ணிப் போடுகிற ஜாதி. இங்கே மொச்சைக்கொட்டை மாதிரி கரண்டி கரண்டியாக விழுந்தது. கதிர்வேல் பதினோரு வருஷமாகச் சொன்னதில் இதைமட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறான். இல்லாத அருவியைச் சொன்னவனுக்கு இருக்கிற குழம்பைச் சொல்ல வாய் வரவில்லை.

அருவி இல்லை என்பதை அன்று சாயங்காலமே நேரில் பார்த்தேன். காட்டியவன் செல்வியின் தம்பி ஆனந்தன். இருபத்தெட்டு வயது, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் ஆபரேட்டர். மழைத் தண்ணீர் அரித்து அரித்து மண்ணில் விழுந்த ஒரு பள்ளத்தைக் காட்டி, "ஐப்பசியில வந்தீங்கன்னா ஊத்தும்" என்றான். எத்தனை நாள் ஊற்றும் என்றேன். "மழ பெய்யிற அன்னைக்கு" என்றான். அந்தத் தண்ணீர் இங்கே ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கீழே ஓடிவிடுமாம். எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்.

வெள்ளைக்காரன் கோட்டை என்பது முழங்கால் உயரத்தில் ஒரு சர்வே கல். அதன்மேல் யாரோ வறட்டி தட்டியிருந்தார்கள். மலையுச்சியில் நின்றது மேல்நிலைத் தொட்டி. "இதுமேல ஏறினா நெய்வேலி பொகை தெரியும் பாய்" என்றான். பாதி ஏணி ஏறினேன். புகை தெரிந்தது. கீழே தரையும் தெரிந்தது. இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் திரும்பிப் போகலாம் என்றால் மினி பஸ் டிரைவர், "நாளைக்கு வண்டி வராதுங்க. ஊட்ல காதுகுத்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாருக்குக் காது குத்தினார்களோ, எனக்கு ஒரு நாள் போனது. ஆனந்தன் வீடு எதிர்வீடு. அங்கே தங்கினேன்.

இரண்டாம் நாள் காலை குழாயடிக்குப் பல் தேய்க்கப் போனேன். செல்வி ஒரு நீளமான கல்லில் சேலையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லைப் பார்த்ததும் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. அது மரம். படுத்துக் கிடக்கும் முழு அடிமரம். பட்டையின் சுரசுரப்பு இருந்தது, கிளை முறிந்த முடிச்சு இருந்தது, வெட்டு முகத்தில் வளையம் வளையமாக வயசு இருந்தது. தொட்டால் கல். தட்டினால் வெண்கலச் சத்தம்.

கதிர்வேல் சொன்னதிலேயே பெரிய புளுகு இதுதான் என்று நாங்கள் ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். மலை பொய், அருவி பொய், கோட்டை பொய். எவனும் நம்பமுடியாத இது ஒன்று நிஜம்.

"ஆபீசருங்க வந்து நம்பர் போட்டுட்டுப் போனாங்க" என்று செல்வி ஓரத்தில் மங்கிய பெயிண்டைக் காட்டினாள். "இதுல தொவைக்கக் கூடாதாம். எவ்ளோ நாளா கெடக்குது சார்னு கேட்டேன். மனுசன் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்துன்னாரு. அவ்ளோ நாளா கெடந்தது நான் ரெண்டு பொடவ தொவைச்சா தேஞ்சிடுமா?"

நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்தது.

"எங்க ஊட்டுக்காரரு ஆபீஸு எப்புடிங்க இருக்கும்?"

"நல்லா இருக்கும்மா. ஏசி ரூமு."

"தனி ரூமா?"

"கண்ணாடிக் கதவு" என்றேன். லாண்டரி வாசலில் கண்ணாடிக் கதவு உண்டு. பொய் சொல்வதில் இது ஒரு வசதி. ஒரு ஓரத்தில் நிஜத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் மனசு அவ்வளவாக உறுத்தாது. அவள் தலையை ஆட்டிவிட்டுச் சேலையைப் பிழிந்தாள்.

தண்டனை உடனே கிடைத்தது. திரும்பும் வழியில் தோப்பில் பச்சை முந்திரிக்கொட்டை ஒன்றைப் பொறுக்கி, நாகரிகமாகப் பல்லால் உடைத்தேன். அதன் பால் உதட்டைப் பொசுக்கிவிட்டது. மத்தியானத்துக்குள் உதடு கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. ஆனந்தன் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டான். "இத வாயில வெச்ச மொத ஆளு நீங்கதான் பாய்" என்றான். ஊர் வரலாற்றில் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது.

பிறகு அவன் பெட்டியைத் திறந்து தன் சாமான்களைக் காட்டினான். கருப்பு ஷூ. கழுத்தில் மாட்டுகிற மாதிரி ஏற்கெனவே முடிச்சுப்போட்ட டை. கண்ணாடி முன் நின்று, லேசாகக் குனிந்து, "வெல்கம் சார்" என்று சொல்லிக் காட்டினான்.

"எங்கப்பா போறே?"

"ஷார்ஜாவுக்குத்தான். மாமா சொல்லலியா? ஏஜெண்ட் மூலமா விசா வந்துடுச்சு. பேப்பர்ல ஹெல்பர்னு போட்டிருக்குது. அது சும்மா பேருக்குத்தான். மாமா மேனேஜராச்சே, ரிசப்ஷன்ல போட்டுடுவாரு."

"கதிர்வேலு அப்படி சொன்னானா?"

"கேட்டேன். பாக்கலாம் மச்சான்னாரு."

'பாக்கலாம்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனைத்தான் முதலில் பிடித்து உதைக்கவேண்டும். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு துப்புரவுக் கம்பெனி. ஹெல்பர் என்ற சொல்லுக்கு அங்கே ஒரே அர்த்தம்தான். கையில் வாளியைக் கொடுப்பார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தையும் எடுத்தான். தொட்டி ஆபரேட்டர் வேலையை விடுவதாக எழுதிய கடிதம். "நாளைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல குடுத்துடறேன்."

எண்ணெய் தடவிய உதட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். கதிர்வேலுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அந்த முடிச்சுப்போட்ட டை ஒரு பக்கம். வேன் ஓட்டுகிறவன் ஒருநாளும் வாக்கு தவறமாட்டான் என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. மூன்று மணிக்கு அவன் மோட்டார் போடக் கிளம்பியபோது கூடவே போனேன். மோட்டார் கொட்டகையில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"பொய்" என்றான்.

"இல்லப்பா. அவன் மடிக்கிற துணியத்தான் நான் வேன்ல ஏத்திக்கிட்டுப் போறேன்."

"காலையில அக்காகிட்ட ஏசி ரூமு, கண்ணாடிக் கதவுன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"அதுக்கு என்னா பேரு பாய்?"

அதற்கு ஒரு பேர் உண்டு. அவன் விறுவிறுவென்று தொட்டி ஏணியில் ஏறி, உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரவேண்டும். வரவில்லை. கொல்லைமேட்டில் மழைத் தண்ணீர் தங்காது, கிணறு ஊறாது. தொட்டியில் ஏற்றி ஆனந்தன் திறந்துவிட்டால்தான் ஊருக்குச் சோறு. ஐந்து மணிக்குத் தொட்டிக்கடியில் பத்திருபது பிளாஸ்டிக் குடங்களும் அதே அளவு பெண்களும் சேர்ந்துவிட்டார்கள்.

"டேய் ஆனந்தா, எறங்குடா! உல வெக்கணும்!"

"அவனுக்கென்னா, வெளிநாட்டுக்குப் போறவன். இப்பவே மேலருந்து பாக்குறான்."

ஒருத்தி என்னைக் காட்டி, "இந்த பாய் ஏதோ பேசினாரு, அப்புறந்தான் ஏறினான்" என்றாள். எல்லாக் குடமும் என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் செல்வி வந்தாள்.

"பாய், என்னா சொன்னீங்க அவங்கிட்ட?"

வீங்கிய உதட்டோடு உண்மையைச் சொல்வது கஷ்டம். பாதி எழுத்து வராது. "லாண்டரிம்மா" என்றேன். "கதிர்வேலு லாண்டரியில துணி மடிக்கிறான். நான் அங்க டிரைவரு. மேனேஜரு வேற ஆளு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மேலே இருக்கிறவனுக்கும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

கதிர்வேல் எப்போதும் லாண்டரிக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்துதான் வீட்டுக்குப் பேசுவான். அன்று அவனுக்கு வெளியே வர நேரம் இல்லை.

"என்னா இந்நேரத்துக்கு? மீட்டிங்ல இருக்கேன்."

அவன் குரலுக்குப் பின்னால், விரிப்புகளை இழுத்துத் தேய்க்கும் பெரிய உருளை மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மீட்டிங்ல எதுக்கு ரைஸ் மில்லு ஓடுது?"

மெஷின் மட்டும் ஓடியது.

"நீங்க என்னா வேல பாக்குறீங்க?"

"செல்வி..."

"சொல்லுங்க. தம்பி வேலய எழுதிக் குடுக்கப் போறான். சொல்லுங்க."

"துணி மடிக்கிறேன்."

"எத்தினி வருசமா?"

"வந்ததுலேர்ந்து."

குடத்துக்காரி ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். செல்வி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"கேட்டுச்சாடா?" என்று அண்ணாந்து கேட்டாள். உச்சியில் ஒரு தலை அசைந்தது. "கேட்டுச்சில்ல? இப்ப எறங்கி வந்து தண்ணியத் தெறந்து வுடு. ஊரு என்னா பாவம் பண்ணுச்சு?" பிறகு போனைக் கிட்டே கொண்டுபோய், குரலை இறக்கிப் பேசினாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டாள். "அப்புறமா பேசறேன். மெஷினாண்ட நிக்கறீங்க. கைய பாத்து."

ஆனந்தன் இறங்கி வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வால்வைத் திருகினான். குழாய் முதலில் காற்றைத் துப்பியது, அப்புறம் தண்ணீர் வந்தது. பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு குடத்தை வைத்தார்கள்.

மூன்றாம் நாள் மினி பஸ், டீசலோடு வந்தது. செல்வி ஒரு பை நிறைய முந்திரிப் பருப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போதே சொன்னாள்: "ரெண்டு நாளு என் சோத்தத் தின்னுட்டு என்கிட்டியே பொய் சொன்னீங்க."

"ஆமாம்மா."

"பருப்புல பாதி அவருக்கு. நீங்களே தின்னுடாதீங்க."

அந்தச் சந்தேகம் நான் சம்பாதித்தது. வாங்கிக்கொண்டேன். ஆனந்தன் பஸ் வரை வந்தான். கடிதத்தைக் கொடுக்கவில்லை என்றான். அதற்காக எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வேற எங்கியாச்சும் நல்ல எடம் இருந்தா சொல்லுங்க பாய். ஆனா போஸ்டு பேரு வேணாம். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கையில என்னா இருக்கும், அத மட்டும் சொல்லுங்க" என்றான். பதினோரு வருஷம் வெளிநாட்டில் இருந்த எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

பரங்கிப்பேட்டை வந்ததும் முதல் வேலையாக என் மனைவியிடம் பத்திரிகை விஷயத்தை ஒப்புக்கொண்டேன். "டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜெல்லாம் இல்ல, வேன்தான் ஓட்டுறேன்" என்றேன்.

"அது கார்டு அடிச்சப்பவே தெருவே பேசிச் சிரிச்சிச்சு" என்றாள். "உதட்டுல என்னாங்க?"

லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பினேன். கதிர்வேல் ஒரு வாரத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. பருப்பை மட்டும் வாங்கிக்கொண்டான். ஒரே அறையில், கைக்கெட்டுகிற கட்டிலில் படுத்துக்கொண்டு பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவும் நின்றுபோனது. மற்ற நாலு பேர் என்னைத் திட்டினார்கள். ஊர்ப் பொய் இல்லாமல் அவர்களுக்குப் பொழுது போகவில்லை.

ஒருநாள் மத்தியானம் மூட்டைகளை ஏற்ற லாண்டரிக்குள் போனேன். கதிர்வேல் மடிக்கும் மேஜைமேல், துணிக்கட்டில் சாய்த்து, போனை நிறுத்தியிருந்தான். வீடியோவில் செல்வி. பின்னால் மெஷின் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் வெளியே போகவில்லை. மலை மாதிரி குவிந்த வெள்ளை விரிப்புகளில் ஒன்றை உருவி, உதறி, பழக்கப்பட்ட கையால் மடித்து அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அது என்னா மடிப்பு?" என்றாள் செல்வி. "ஓரம் கோணியிருக்குது பாருங்க. முனையப் புடிச்சு நல்லா இழுங்க."

பதினோரு வருஷம் அதே வேலை பார்த்தவன் மடித்ததைப் பிரித்து, முனையைப் பிடித்து நன்றாக இழுத்தான்.